ஆற்று வண்டலும் பாலைவனப் பொடிமணலும்: எந்தச் சாமான் தாங்கும், எது காலை வாரும்?

இருபுறமும் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்க, நடுவே ஓடும் ஆற்றிலேயே இறங்கி நடக்கும் கேன்யன் நடை ஒரு நாளோ இரண்டு நாளோ. அதைத் தொடர்ந்து பாலைவனத்தில் கூடாரமடித்து இரண்டு இரவு. இப்படி ஒரு பயணத்துக்கு மூட்டை கட்டுகிறவர்கள் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அடுத்து நனையுமா நனையாதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வழியில் சாமான் கெடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொள்வது, ஜிப் வாயைப் பிளப்பது, ஊன்றுகோலின் பூட்டு வழுக்குவது, காற்று மெத்தை நள்ளிரவில் சப்பிப்போவது என்று எதை எடுத்தாலும் பின்னால் ஒரு பொடித் துகள் இருக்கும். ஆற்றில் அதன் பெயர் வண்டல், பாலைவனத்தில் மணல். கீழே ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரே அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறோம்.

தண்ணீர் ஃபில்டர்

பையில் நீரை மொண்டு, வாயில் ஃபில்டரைத் திருகிப் பிழியும் வகைதான் நடைப்பயணிகளிடம் பரவலாக இருக்கிறது. சாயர் ஸ்குவீஸ் அதில் தெரிந்த பெயர். எடை 85 கிராம் அளவில். உள்ளே கட்டுக்கட்டாக நுண்குழல்கள், துளையின் அளவு 0.1 மைக்ரான். பாக்டீரியாவையும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச்செல் கிருமிகளையும் தடுத்துவிடும். தெளிந்த மலையோடைக்கு இதைவிட எளிய பொருள் தேட வேண்டியதில்லை.

கேன்யன் ஆறுதான் இதற்குச் சோதனை. களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே, வண்டல் 2 முதல் 63 மைக்ரான் வரை. 0.1 மைக்ரான் துளை இவற்றில் பெரும்பாலானதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைப்பதால்தான் அடைக்கிறது. காப்பி நிறத்தில் ஓடும் ஆற்று நீரை நேராக ஊற்றினால் ஓரிரு லிட்டருக்குள்ளேயே பிழியக் கை வலிக்கும். வலிக்கிறதே என்று மேலும் இறுக்கினால் பையின் ஓரத் தையல் விடும். இது பொருளின் குறையைவிடப் பயன்படுத்தும் முறையின் குறை: கலங்கிய நீரை ஃபில்டருக்குக் காட்டவே கூடாது.

செய்ய வேண்டியது இது. 10 லிட்டர் மடிப்பு வாளி ஒன்று வேண்டும். மாலையில் மொண்டு வைத்துவிட்டால் வண்டல் காலைக்குள் பெருமளவு அடியில் படிந்துவிடும். களிமண் மட்டும் அப்படிப் படியாது. அதன் துகள்களில் ஒரே மாதிரி மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். அங்கேதான் படிகாரம். 4 லிட்டருக்கு கால் டீஸ்பூனுக்கு மிகாமல் பொடித்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டால் திரிதிரியாகத் திரண்டு கீழே இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுத்து ஃபில்டரில் விடலாம். அதிகம் போட்டால் சீக்கிரம் தெளியும் என்று நினைப்பது தப்பு, துவர்ப்புதான் மிஞ்சும். படிகாரம் கலங்கலை எடுக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. ஆகவே ஃபில்டர் வேலையை விட்டுவிடக் கூடாது.

அடைத்த ஃபில்டரைப் பெரிய சிரிஞ்சால் பின்பக்கமிருந்து நீர் தள்ளிக் கழுவ வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, ஆற்று நீரையே சிரிஞ்சில் இழுப்பது. அப்படிச் செய்தால் சுத்தமான பக்கத்தில் அழுக்கையும் கிருமியையும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஏற்கெனவே வடித்த நீர் அரை லிட்டராவது இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். கூடவரும் பை கிழிந்துவிட்டால் 28 மில்லிமீட்டர் திருகுவாய் உள்ள சாதாரண குளிர்பான பாட்டிலே போதும், ஃபில்டர் அதில் பொருந்தும்.

பாலைவனத்துக்கு வந்ததும் இதே ஃபில்டருக்கு இன்னொரு எமன் காத்திருக்கிறான். வறண்ட காற்றும் மேகமில்லாத வானமும் சேர்ந்தால் பகலின் சூடெல்லாம் இரவில் பறந்துவிடும். குளிர்காலத்தில் பல பாலைவனங்களில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். ஒருமுறை நனைந்த நுண்குழல் ஃபில்டர் உறைந்தால் குழல்கள் விரிந்து வெடிக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, நீரும் வழக்கம்போல, சொல்லப்போனால் வழக்கத்தைவிட வேகமாகவே வரும். உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட வேண்டியதுதான். இரவில் ஜிப் உறையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் இந்தத் துளையைவிடச் சின்னது, நுழைந்துவிடும். மேலே ஊர்களோ மேய்ச்சல் நிலங்களோ இருக்கும் ஆறு என்றால் குளோரின் டை ஆக்சைடு மாத்திரையும் சேர வேண்டும். வழக்கமான கிருமிகளுக்கு அரை மணி நேரம் போதும், கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 4 மணி நேரம். இந்த 4 மணி நேரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நீலப்பச்சைப் பாசி சுரக்கும் நஞ்சு இன்னொரு தலைவலி. அமெரிக்காவின் சீயோன் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆற்றில் 2020இல் இது கண்டறியப்பட்டது. ஃபில்டரும் சரி, கொதிக்கவைப்பதும் சரி, அந்த நஞ்சுக்குப் பயன்படாது. எச்சரிக்கை இருக்கும் ஆற்றில் நீரெடுக்கும் திட்டமே வேண்டாம்; ஊற்று நீரோ கையில் சுமந்த நீரோதான் வழி.

நீர் எப்போதும் கலங்கியே ஓடும் ஆறு என்று தெரிந்தால் எங்கள் தேர்வு பீங்கான் மையம் உள்ள பம்பு ஃபில்டர். 0.2 மைக்ரான் துளை, எடை ஐந்து மடங்குக்கும் மேல், பம்பு அடிக்கப் பொறுமையும் வேண்டும். ஆனாலும் அடைத்தால் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டுத் தொடரலாம். அந்த ஒரு வசதிக்காகவே எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்தால் பீங்கான் விரிசல் விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் பேனா இந்தப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். கலங்கலில் ஒளி ஊடுருவாது.

நீர்க்கலன்கள்

பாலைவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர் என்பது குறைந்தபட்சம். சமையலுக்கும் கழுவவும் தனியாக. இரண்டு நாளுக்கு 10 லிட்டர் என்று வைத்தால் முதுகில் 10 கிலோ ஏறுகிறது. மற்ற எடைக் குறைப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. குழாய் வைத்த நீர்ப்பை கேன்யனில் சுகம், மணலில் தொல்லை. உறிஞ்சும் வாயில் மணல் சிக்கினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்றும் தெரியாது. முள் ஒன்று குத்தினால் அந்த நாளுக்கான நீரே போயிற்று. தடித்த துணிப்பூச்சுள்ள 4 லிட்டர் மடிப்புக் கலன் இரண்டு, ஆளுக்கு 1 லிட்டர் கெட்டி பாட்டில் இரண்டு என்று பிரித்துச் சுமப்பதே மேல். உப்புக்கலவைப் பொட்டலம் கட்டாயம். வெறும் நீரை மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம் வரும். பார்க்க வெயில் தாக்கியதுபோலவே இருக்கும். கூட இருப்பவர்கள் இன்னும் நீரைக் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள்.

ஷூவும் சாக்ஸும்

ஈரம் புகாத சவ்வு வைத்த உயரமான பூட்ஸ்தான் ஆற்றுக்கு ஏற்றது என்று விற்பனையாளர்கள் எடுத்துக் காட்டுவார்கள். கணுக்காலுக்கு மேல் நீர் வந்தவுடன் அது வாளியாகிவிடும்: உள்ளே வந்த நீர் வெளியே போக வழியில்லை. வலைத்துணியும் வடிகால் துளையும் உள்ள, விரல் மூடிய ஷூ, வழுக்குப் பாறையைப் பிடிக்கும் மென்மையான ரப்பர் அடி, இதுதான் சரி. செருப்பு வகை எதுவானாலும் ஒதுக்குங்கள். நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைக் கல்லில் கால்விரல் மோதிக்கொண்டே இருக்கும்.

உள்ளே 3 மில்லிமீட்டர் நியோபிரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ். இது காலை உலர்வாக வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே புகுந்த கொஞ்ச நீரை உடல் சூட்டில் வெதுவெதுப்பாக வைத்திருப்பதுதான் இதன் வேலை. அதனால் தளர்வாக இருந்தால் பயனில்லை; ஓயாமல் புதுக் குளிர்நீர் மாறிக்கொண்டே இருக்கும். சாக்ஸ் காலைக் கவ்வ வேண்டும், ஷூ மட்டும் வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஷூவை அளவு பாருங்கள். இடைவேளைகளில் கழற்றி மணலை உதறாவிட்டால், சாக்ஸுக்கும் தோலுக்கும் இடையே சேர்ந்த வண்டல் உப்புத்தாள்போல் தேய்த்துக் கொப்புளத்தில் கொண்டுபோய் விடும்.

இதே வலைத்துணி ஷூ பாலைவனத்தில் எதிரியாகிறது. பொடிமணல் வலையின் கண்கள் வழியாகவே நுழைவதால், மேலே கணுக்காலைச் சுற்றி மண்காப்பு உறை கட்டினாலும் தடுக்க முடியாது. நெருக்கமான நெசவுள்ள லேசான ஷூ இன்னொரு ஜோடி வேண்டும். இரண்டு பயணத்துக்கும் ஒரே ஷூ என்று விளம்பரம் செய்பவற்றை நம்ப வேண்டாம். துணியிலும் இதே இரட்டைக் கதைதான். பருத்தி ஆற்றில் உடல் சூட்டை உறிஞ்சிக் குளிரில் நடுங்கவைக்கும். வறண்ட வெயிலில் வியர்வையைப் பிடித்து வைத்து மெல்ல ஆவியாக்குவதால் தளர்வான பருத்திச் சட்டை அங்கே நல்ல துணை.

ஊன்றுகோலுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருகிப் பூட்டும் வகையின் உள்ளே வண்டல் போனால் பிடிமானம் வழுக்கும், அதுவும் ஆற்றின் நடுவே எடையைப் போடும்போது. வெளியே நெம்புப்பூட்டு உள்ளதை வாங்குங்கள், மாலையில் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். பாறையிடுக்கில் முனை சிக்கினால் அலுமினியம் வளையும், கார்பன் முறியும், ஆகவே அலுமினியம். ஆற்றில் அடித்தட்டைக் கழற்றிவிடுங்கள், ஓட்டம் அதைப் பிடித்து இழுக்கும். மணலில் பனிக்கான அகலத் தட்டை மாட்டுங்கள்.

டிரை பேக்

நீர் புகாதபடி வாயை உருட்டி மூடும் டிரை பேக்கில் கனமான பிவிசி தார்ப்பாய் வகை, டிபியு என்னும் நெகிழ்வான பிளாஸ்டிக் பூச்சுள்ள நைலான் வகை, சிலிக்கான் பூச்சுள்ள மெல்லிய வகை என்று மூன்று கிடைக்கின்றன. முதுகுப்பைக்கு உள்ளே வைக்க டிபியு போதும். மெல்லியது எடை குறைவு என்று ஆசைகாட்டும், ஆனால் பாறையில் உரசினால் ஊசித்துளை விழும். பிவிசி உரசலைத் தாங்கினாலும் விறைப்பானது, குளிரில் உருட்ட மறுக்கும்.

பை ஒழுகுகிறது என்று குறை சொல்பவர்களில் பாதிப்பேர் சரியாக மூடாதவர்களாகத்தான் இருப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. வாயின் இரு பட்டிகளையும் ஈரத்துணியால் துடைத்து, மணலில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, சுருக்கமில்லாமல் சேர்த்துப் பிடித்து, குறைந்தது மூன்று முறை இறுக்கமாக உருட்டிக் கொக்கி போட வேண்டும். பட்டிகளுக்கிடையே நான்கைந்து மணல் துகள் இருந்தாலே நீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டியதுபோல. காற்று முழுவதையும் பிதுக்கிவிடாமல் கொஞ்சம் விட்டுவைத்தால், ஆழமான இடத்தில் பை மிதந்து கைகொடுக்கும். நீந்த வேண்டிய மடு வரும் என்றால் தூங்கும் உடையும் ஸ்லீப்பிங் பேக்கும் இரட்டை உறைக்குள் போகட்டும். உருட்டு மூடி தெறிப்பையும் சிறு முழுக்கையும் தாங்கும், நெடுநேரம் நீருக்கடியில் இருக்கத் தயாரித்ததல்ல. ஒரே 20 லிட்டர் பையைவிட இரண்டு 10 லிட்டர் பை நல்லது, ஒன்று கிழிந்தாலும் பாதி பிழைக்கும். வாங்கியதும் காற்றடைத்து மூடி, தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

முதுகுப்பையின் அடியில் வடிகால் துளை உண்டா என்றும் கவனியுங்கள். இல்லாவிட்டால் மடுவிலிருந்து ஏறும்போது பை சில லிட்டர் நீரோடு எழும். அந்தக் கனத்தில் நிமிர்வதற்குள் தடுமாறுவோம். வேகமான ஓட்டத்தைக் கடக்கும் முன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுவது பழைய பாடம். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும்.

தலைவிளக்கு, கேமரா போன்றவற்றின் அட்டையில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடுகிறோம். அந்த எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கான எண் வர வேண்டிய இடம். எக்ஸ் என்றால் தூசித் தடுப்புக்கு மதிப்பீடு குறிப்பிடவில்லை என்று பொருள். 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று 7 சொல்கிறது, அவ்வளவுதான். மணலுக்குப் போகிறவர் ஐபி67 தேட வேண்டும். அந்த 6தான் தூசி புகாது என்பதற்கான எண்.

கூடாரம்

கூடாரத்தோடு வரும் 15 சென்டிமீட்டர் மெல்லிய முளைகள் தளர்ந்த மணலில் வெண்ணெயில் செருகிய ஊசிதான். 30 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள மணல் முளை கொஞ்சம் தேவலை. அதைவிட உறுதியானது, செலவே இல்லாத புதையல் முறை: உறைப்பையிலோ துணிப்பையிலோ மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்து விடுவது. கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பை கிடக்க வேண்டும். நான்கு மூலைக்கும் காற்றுக் கயிறு இரண்டுக்கும் என்று ஆறு பை கொண்டுபோங்கள். முளையில்லாமலே நிற்கும் வகைக் கூடாரம் இங்கே வசதி என்றாலும், நிற்கிறதே என்று கட்டாமல் விட்டால் காற்று அதைப் பட்டமாக்கிவிடும்.

உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் காற்றடிக்கும் இரவில் சல்லடைபோல் மாவுமணலைத் தூவிக்கொண்டே இருக்கும். கீழ்ப்பாதியாவது கெட்டித் துணியாக உள்ளதை எடுங்கள். சட்டக் கம்பிகளின் இணைப்பில் மணல் ஒட்டியிருக்கும்போது செருகினால் கீறி இறுகிவிடும், காலையில் பிரிக்க முடியாது. செருகுமுன் ஒவ்வொரு முனையையும் துடைப்பது அரை நிமிட வேலை.

ஜிப் கெட்டால் பல்தான் போனது என்று நினைப்போம். பெரும்பாலும் தேய்வது அதன் மேல் ஓடும் ஸ்லைடர். மணல் அதன் உட்புறத்தை அராவி வாயை அகலமாக்கிவிடும். பிறகு ஓடும், பூட்டாது. பழைய பல்துலக்கியால் தினமும் தேய்த்துவிடுங்கள். எண்ணெய், மெழுகுக் களிம்பு எதையும் தடவாதீர்கள், அவை மணலைப் பிடித்து வைக்கும். வாய் அகன்றுவிட்டால் சிறு குறடால் ஸ்லைடரின் இரு பின்ஓரங்களையும் மிக மென்மையாக அழுத்தினால் இரண்டொரு நாள் ஓடும்.

இடம் தேர்வில் சாமான் எதுவும் உதவாது. வறண்ட ஓடைப் படுகை சமதளமாக, மெத்தென்று, காற்று மறைவாக இருந்து ஆசைகாட்டும். அது வெள்ளத்தின் பாதை. 1997 ஆகஸ்ட் 12இல் அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் 11 பேரைக் கொண்டுபோன வெள்ளத்துக்கு மழை பெய்தது தொலைவில், மேற்பகுதியில். கேன்யன் நடைக்கும் இதே கணக்குத்தான்: தலைக்கு மேல் வானத்தைப் பார்ப்பதைவிட நீர்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் வானிலை பார்க்க வேண்டும். ஆற்றின் ஓட்ட அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீயோனின் நேரோஸ் பகுதியில் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நடையை மூடிவிடுகிறார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவதும், சுள்ளியும் சருகும் மிதந்து வருவதும் உடனே மேடேறுவதற்கான அறிகுறிகள்.

படுக்கை

ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் கொட்டை எழுத்தில் இருக்கும் வெப்ப எண்ணை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சுகநிலை, எல்லைநிலை என்று தனித்தனி எண்கள் இருக்கும். பல நிறுவனங்கள் எல்லைநிலையைப் பெரிதாகப் போடும். குறுகிக்கொண்டு படுத்தால் சமாளிக்கலாம் என்ற அளவுதான் அது. சுகநிலை எண்ணை வைத்து வாங்குங்கள். பறவை இறகு நிரப்பியது எடைக்கு நல்ல சூடு தரும், நனைந்தால் உருண்டுபோய்ப் பயனற்றதாகும். இரவு தங்கல் கேன்யனுக்குள்ளேயே என்றால் செயற்கைப் பஞ்சு. பாலைவனத்தில் மட்டும் என்றால் இரட்டை உறையில் இறகு.

காற்று மெத்தைக்கு முள் ஓர் ஆபத்து, வால்வில் சிக்கும் ஒற்றை மணல் மற்றொன்று. இரவு மெல்ல இறங்கினால் ஓட்டை தேடுமுன் வால்வை ஊதிச் சுத்தம் செய்து பாருங்கள். அடியில் மெல்லிய நுரைப்பாய் போட்டால் முள்ளும் தடுக்கப்படும், மெத்தை சப்பினாலும் அந்த இரவு தரையின் குளிர் நேராக ஏறாது.

அடுப்பும் கழிவுப் பையும்

வாயு அடுப்பு மணலில் சாயும், சட்டியோடு. தட்டையான கல்லோ சிறு பலகையோ அடியில் வேண்டும். உருளையின் திருகுவாயில் மணல் போகாமலிருக்க மூடியைத் தொலைக்காதீர்கள். சாதாரண பியூட்டேன் பூச்சியத்துக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும், அதன் கொதிநிலை −0.5 டிகிரி. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த உருளையே பாலைவனக் குளிர்காலை காப்பிக்கு உதவும். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது உருளையைச் சுற்றி முழுதாக மூடிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கும். பொறி பற்றவைக்கும் பொத்தான் நனைந்தால் செத்துவிடும்; தனி லைட்டர் டிரை பேக்கில் இருக்கட்டும்.

மலக்கழிவைக் கட்டி எடுத்துவரும் பையைப் பலர் முகம் சுளித்து விட்டுவிடுகிறார்கள். நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்டு என்பது பொது விதி. சுவருக்குச் சுவர் ஆறே ஓடும் கேன்யனில் அந்த 60 மீட்டருக்கு எங்கே போவது? பாலை மணலிலோ மட்கவைக்கும் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு, புதைத்தது அப்படியே கிடக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பை, கூடுதலாக ஒன்று; உறைகட்டிய பைகளைத் தனியாக ஒரு பழைய டிரை பேக்கில் முதுகுப்பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம்.